படத்தின் அடியில் இருந்த முகவரி

ஒரு தையல் இயந்திரம். அதன் சக்கரத்தின் மேல் ஒரு பெண்ணின் இடது கை. நீல நிறத் துணி பாதி தைத்து ஊசிக்கடியில் கிடக்கிறது. நான் எடுத்த அந்தப் படத்தில் இருந்தது அவ்வளவுதான். முகம் வரக்கூடாது என்று குனிந்து, தோளுக்குக் கீழே நிறுத்தித்தான் எடுத்தேன். வெளிச்சம் நன்றாக விழுந்திருந்ததால் எனக்கே பிடித்துப்போய், அனுப்பும் முன் இரண்டு முறை பார்த்தேன். படத்தின் அடியில் வழக்கம்போல ஒரு கறுப்புப் பட்டை. அதில் தேதி, நேரம், தெருப் பெயர், சின்னதாக ஒரு வரைபடம். அந்தப் பட்டையை மட்டும் நான் பார்க்கவே இல்லை.

தூத்துக்குடியில் பெண்கள் தங்கும் ஒரு பாதுகாப்பு இல்லத்தில் அப்போது வேலை பார்த்தேன். படிப்பு முடித்து நேராக வந்து சேர்ந்த முதல் வேலை. ஓட்டப்பிடாரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவேன். அடி தாங்காமல், உயிருக்குப் பயந்து வீட்டை விட்டு வந்த பெண்கள் அங்கே இருந்தார்கள். வாசலில் பலகை கிடையாது. வேலைக்குப் போகும் பெண்களின் ஹாஸ்டல் என்றுதான் அக்கம்பக்கத்தார் நினைத்திருந்தார்கள். அப்படி நினைக்க வைப்பதற்காகவே எங்கள் கண்காணிப்பாளர் சில பெண்களைக் காலையில் கைப்பையோடு வெளியே போய் வரச் சொல்வார். தெருமுனைக் கடையில்கூட இல்லத்தின் பெயரைச் சொல்லக் கூடாது என்பது என் முதல் நாள் பாடம்.

நான் சேர்ந்த சில மாதங்களில், நோட்டுப் புத்தகங்களுக்குப் பதிலாகக் கைப்பேசிச் செயலி வந்தது. ஆலோசனை கொடுத்தாலும் பயிற்சி நடத்தினாலும் படம் ஏற்ற வேண்டும். எடுக்கும் கேமராவே இடத்தையும் நேரத்தையும் படத்தில் அச்சடித்துவிடும். படம் இல்லாவிட்டால் அந்த வேலை நடக்கவில்லை என்று கணக்கு. கண்காணிப்பாளர் ஒரு கூட்டத்தில் எழுந்து, எங்கள் இல்லத்துக்கு இது சரிப்படாது என்று சொல்லிப் பார்த்தார். எல்லாருக்கும் ஒரே முறைதான் என்று பதில் வந்தது. அவருக்குக் கைப்பேசி அவ்வளவாகப் பழக்கமில்லாததால் அந்த வேலை என்னிடம் வந்தது. உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அதில் பெருமைதான். மாவட்டத்தில் முதலில் பதிவேற்றுவது நானாகத்தான் இருக்கும். அதே படத்தை எங்கள் வாட்ஸப் குழுவிலும் போடுவேன், கைதட்டும் பொம்மைகள் வரும்.

அந்தக் கைக்குரியவரை நாங்கள் வேம்பார் அக்கா என்று கூப்பிடுவோம். பிறந்த ஊர் அது. கட்டிக் கொடுத்தது துறைமுகத்தில் டிரெய்லர் லாரி ஓட்டும் ஒருவனுக்கு. யூகேஜி படிக்கும் மகளோடு எங்களிடம் வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அதிகம் பேச மாட்டார். என்னை மேடம் என்றுதான் அழைப்பார். நான் அவரைவிடப் பத்து வயதாவது சின்னவள். இடது மணிக்கட்டுக்கு மேலே, இஸ்திரிப் பெட்டியின் நுனி பதிந்த தழும்பு ஒன்று அவருக்கு இருந்தது. அது எப்படி வந்தது என்பதைக் கோப்பில் எழுதியவளே நான்தான். இருந்தும் படம் எடுக்கும்போது அதை மறைக்க எனக்குத் தோன்றவில்லை. எங்கள் குழுவில் இருந்த யாரோ ஒரு தன்னார்வலர், நல்ல எண்ணத்தில்தான், 'பெண்களுக்கு இலவசத் தையல் பயிற்சி' என்று எழுதி அந்தப் படத்தைத் தன் ஸ்டேட்டஸில் வைத்துவிட்டார். அது கை மாறி, அந்தத் தழும்பை உண்டாக்கியவனிடமே போய்ச் சேர்ந்தது.

அவன் வந்தது ஒரு பட்டப்பகலில். மணி பன்னிரண்டு தாண்டி ஐந்து நிமிடம் இருக்கும். கண்காணிப்பாளர் கலெக்டர் அலுவலகக் கூட்டத்துக்குப் போயிருந்தார். இல்லத்தில் நானும் சமையல்கார அம்மாவும் ஏழெட்டுப் பெண்களும். அழைப்பு மணி கேட்டுப் போனேன். பூட்டிய கம்பிக் கதவுக்கு வெளியே, சவரம் செய்த முகமும் இஸ்திரி போட்ட சட்டையுமாக ஒருவன் நின்றான். குரலை உயர்த்தவே இல்லை.

"எம் பொண்டாட்டி இங்கன இருக்கா மேடம். கொஞ்சம் கூப்பிடுங்க."

"இது லேடீஸ் ஹாஸ்டல். நீங்க சொல்லுத மாதிரி யாரும் இங்க இல்ல" என்றேன். பலமுறை ஒத்திகை பார்த்த பதில்.

அவன் சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்துக் கம்பிக்கு நடுவே என் முகத்துக்கு நேராகக் காட்டினான். "அப்ப இது யாரு கையி?"

என் படம். அடியில் எங்கள் தெரு. என்ன பதில் சொன்னேன் என்று இன்றுவரை நினைவில்லை. அவன் சிரித்துக்கொண்டே எதிர்வீட்டு வாதமரத்து நிழலில் போய்க் குத்த வைத்து உட்கார்ந்தான். "நான் இருக்கேன். எனக்கு இன்னைக்கு லோடு இல்ல" என்றான்.

காவல் நிலையத்துக்கு அழைத்தேன். ஜீப் வெளியே போயிருக்கிறது, சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். கண்காணிப்பாளர் எடுக்கவில்லை. மாடிக்கு ஓடினேன். அக்கா ஜன்னல் ஓரத்தில் சுவரோடு சுவராக நின்றிருந்தார். பார்த்துவிட்டார். அழவில்லை.

"மணி என்னாச்சு?" என்று கேட்டார்.

"பன்னெண்டேகால்."

"பிள்ள வந்துருமே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பள்ளி பன்னிரண்டு மணிக்கு விடும். பன்னிரண்டரைக்கு ஆட்டோ எங்கள் வாசலில், அந்த வாதமரத்துக்கு நேர் எதிரே வந்து நிற்கும். பள்ளிக்கு அழைத்தேன். பிள்ளைகள் கிளம்பிவிட்டார்கள் என்றார்கள். ஆட்டோ அண்ணாச்சி வண்டி ஓட்டும்போது போனைத் தொட மாட்டார். நல்ல மனிதர் என்று அதற்காகவே அவரை வைத்திருந்தோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

அக்கா என் கையைப் பிடித்துப் போனைக் கீழே இறக்கினார். "ஏளா, பொறத்தால இருக்க செவரு ஏறிருவியா?"

ஐந்து மாதத்தில் முதல் முறையாக, மேடம் என்பதை விட்டு, வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுவதுபோல அவர் என்னை ஏளா என்றார்.

"ஏறிருவேன்."

"போயி ஆட்டோவ மறி. நான் முன்னால போயி அவங்கிட்ட பேசுதேன். எம் மொகத்தப் பாத்துட்டாம்னா வேற எங்கயும் பாக்க மாட்டான்."

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். வெளியே அனுப்பக்கூடாது, முன்னால் வர விடக்கூடாது, எங்கள் விதிகள் எல்லாம் அதற்காகத்தான். நான் சொல்லவில்லை. "கதவுக்குப் பக்கத்துல போகாதீங்கக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பின்கட்டுக்கு ஓடினேன். சுவரில் பதித்திருந்த கண்ணாடிச் சில்லு உள்ளங்கையைக் கிழித்தது. மறுபக்கம் குதித்து, உப்பு மூட்டைகள் அடுக்கும் கிட்டங்கிச் சந்து வழியாக மெயின் ரோட்டுக்கு ஓடினேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. துறைமுகத்துக்குப் போகும் சரக்கு ரயில், ஊர்ந்து ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது. பெட்டிகளுக்கு இடையில் தெரிந்த வெளிச்சத்தில் அந்த ஆட்டோவைப் பார்த்தேன். மறுபக்கத்தில் முன் வரிசையில் நின்றது. கேட் திறந்தால் ஒரே நிமிடத்தில் எங்கள் தெருவுக்குள் திரும்பிவிடும்.

ரயில் போன பிறகு வண்டிகள் இரண்டு பக்கமிருந்தும் முட்டி மோதின. நடுவில் போய்க் கையை விரித்து நின்றேன். "ஏம்மா, சாவணுமா ஒனக்கு?" என்று அண்ணாச்சி கத்தினார். பிறகு என் கையிலிருந்து வழிந்த ரத்தத்தைப் பார்த்தார். "திருப்புங்க அண்ணாச்சி. ஸ்டேஷனுக்கு" என்றேன். அவர் வண்டியைத் திருப்பினார். பிள்ளை பையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தது. கொஞ்ச தூரம் போன பிறகு மெல்லக் கேட்டது: "அப்பா வந்துட்டாவளா?"

காவல் நிலையத்து பெஞ்சில் அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரம் முக்கால் மணிதான் இருக்கும். இல்லத்தில் என்ன நடக்கிறது என்று தெரியாது. அழைத்தால் யாரும் எடுக்கவில்லை. அக்கா எவ்வளவு தூரத்தில் நிற்பார், கம்பி வழியாகக் கை எட்டுமா என்று மனதுக்குள் அளந்துகொண்டே இருந்தேன். எட்டியிருக்கிறது. ஜீப் வரும் சத்தம் கேட்டதும் அவன் பாய்ந்து அவர் கையைப் பிடித்து முறுக்கியிருக்கிறான். நான் திரும்பி வந்தபோது மணிக்கட்டு வீங்கி, உடைந்த வளையல் துண்டு ஒன்று இன்னும் தோலில் குத்திக்கொண்டிருந்தது. அரை மணி நேரத்துக்கு மேல் அவனிடம் என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். "மன்னிச்சிருங்கன்னு சொன்னேன். வீட்டுக்கு வாரேன்னு சொன்னேன். அவன் எதெல்லாம் கேக்க ஆசப்பட்டானோ அதெல்லாம் சொன்னேன்" என்றார். மகள் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

அவனை எச்சரித்து அனுப்பிவிடுவார்கள் என்று எங்களுக்குத் தெரியும். கூட்டத்திலிருந்து ஓடிவந்த கண்காணிப்பாளர், இருட்டுவதற்குள் இருவரையும் வேறு மாவட்டத்துக்கு மாற்ற ஏற்பாடு செய்தார். அக்கா ஒற்றைக் கையால் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். நான் கதவருகே நின்று, அந்தப் படம் நான் எடுத்தது, நான் அனுப்பியது என்று சொன்னேன். சொல்லாமல் இருந்திருந்தால் அவருக்குத் தெரிந்திருக்காது. அந்த எண்ணமும் எனக்கு வந்தது. இல்லையென்று எழுத மாட்டேன்.

அவர் மடித்த பாவாடையையே பிரித்து மறுபடி மடித்தார்.

"நீங்க போட்டதா, மேடம்?"

நான் தலையசைத்தேன்.

"பிள்ளயக் கொண்டாந்து சேத்திய. அத மறக்க மாட்டேன். இதையும் மறக்க மாட்டேன்." பையின் ஜிப்பை இழுத்து மூடினார். "நாங்க எங்க போறோம்னு ஒங்களுக்குத் தெரிய வேண்டாம். வண்டிகிட்ட வராதிய."

நான் போகவில்லை. அலுவலக அறையில் உட்கார்ந்து வண்டி கிளம்பும் சத்தத்தைக் கேட்டேன். மறுநாள் செயலியைத் திறந்தால், மாற்றப்பட்டவரின் புதிய முகவரி என்று ஒரு கட்டம். அதை நிரப்பாமல் பதிவு முடியாது. கண்காணிப்பாளர் தெரியாது என்று சொல்லிவிட்டார். பொய் என்று இருவருக்கும் தெரியும். அந்தப் பதிவு சிவப்பு நிறத்தில் நிலுவையில் நின்றது. தலைமை அலுவலகத்திலிருந்து வாரம் தவறாமல் கேட்டார்கள். "எனக்குத் தெரியாது சார்" என்பதை நானும் பழகிக்கொண்டேன். அந்த வேலையை விடும்வரை எந்த மாதமும் என் பெயர் முதலில் வரவில்லை.

இப்போது இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். கேமராவில் இடப் பதிவை எப்படி அணைப்பது, எந்த அலுவலகம் கேட்டாலும் எதையெல்லாம் கொடுக்கக் கூடாது என்று சொல்லித் தருகிறேன். இந்தக் கதையையும் சொல்வேன். படம் எடுத்தது யார் என்று யாராவது கேட்பார்கள். நான்தான் என்று சொன்னதும் வகுப்பு அமைதியாகிவிடும். அந்த அமைதி எனக்கு இன்னும் பழகவில்லை.

போன மாதம் கண்காணிப்பாளரைப் பார்க்கப் போனேன். ஓய்வு பெற்று, திருச்செந்தூர் சாலையில் மகன் வீட்டில் இருக்கிறார். ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தவர், நான் கேட்காமலே, "அந்தப் பிள்ள இப்ப எட்டாவது படிக்கு. அம்மா தையக் கட வச்சிருக்கா" என்றார். என் வாய் தானாகத் திறந்தது.

"எந்த ஊருன்னு கேக்காதம்மா" என்றார்.

நான் கேட்கவில்லை. அவர் எழுந்து காபி போட உள்ளே போனார்.