துவைக்கக் கூடாத சட்டை

வளைகுடாவில், அல் கூஸ் என்ற இடத்தில் ஒரு பழைய கிடங்கைத் தடுத்து, ஏசி போட்டு, நாய் பூனைகள் தங்கும் இடமாக மாற்றியிருந்தார்கள். உரிமையாளர்கள் லீவில் போகும்போது செல்லங்களை இங்கே விட்டுப் போவார்கள். அவற்றைக் குளிப்பாட்டுவதும் கூண்டு கழுவுவதும் என் டூட்டி. நாயைக் குளிப்பாட்டிச் சம்பளம் வாங்குவேன் என்று ஊரில் யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

போன கோடையில் ஒரு பிரெஞ்சு மேடம் மூன்று வாரத்துக்கு விட்டுப் போன நாய்தான் என்னைப் படாதபாடு படுத்தியது. போர்சலேன் என்ற இனம். அவர்கள் மொழியில் பீங்கான் என்று அர்த்தமாம். பொருத்தமான பெயர்தான். மழமழவென்று வெள்ளை உடம்பு, நீளமாகத் தொங்கும் மெல்லிய காதுகளில் மட்டும் ஆரஞ்சுப் புள்ளிகள். இந்த நாட்டில் இன்னொன்று இருப்பதாக யாருக்கும் தெரியவில்லை. இதற்கு ஏதாவது ஆனால் என்னையும் தன்னையும் சேர்த்தே ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று எங்கள் மலையாளி சூப்பர்வைசர் முதல் நாளே எச்சரித்தார். அவர் சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும். ஒரு பூனையைத் தவறவிட்டவனுக்கு முந்தின வருடம் கான்ட்ராக்ட் புதுப்பிக்கவில்லை. என் கான்ட்ராக்ட் அந்த மாதம்தான் முடிவதாக இருந்தது.

நாய் பரம சாது. குரைத்து ஊரைக் கூட்டாது. வெயில் ஏறுவதற்குள் வெளியே கூட்டிப் போனால் மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு என்னை இழுத்துப் போகும். பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் காதில் ஏறாது. மற்றபடி வைத்ததைச் சாப்பிட்டு, படுக்கைக்குள் மூக்கை நுழைத்துத் தூங்கிவிடும்.

அந்தப் படுக்கைக்குள் ஒரு சட்டை கிடந்தது. மேடத்துடையது. கழுத்துப்பட்டை அழுக்கு, ஒரே வியர்வை வாடை. அவசரத்தில் மறந்து போட்டுவிட்டார் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை, எல்லாரும் துணி துவைக்கும் நாள். ஒரு பெண்பிள்ளையின் சட்டையை அழுக்கோடு திருப்பிக் கொடுப்பது எனக்கு மரியாதையாகப் படவில்லை. நாங்கள் தங்கும் கேம்புக்கு எடுத்துப்போய் சோப்புத் தூளில் ஊறவைத்து, கசக்கி, ரூம் அண்ணனிடம் இஸ்திரிப் பெட்டி வாங்கித் தேய்த்து, கடையில் மடிப்பது போல மடித்து வைத்தேன். படுக்கை விரிப்பையும் விடவில்லை.

அதே ஜோரில் மனைவிக்கு வீடியோ கால் போட்டேன். போன லீவில் நான் கழற்றிப் போட்ட கோடு போட்ட சட்டை இன்னும் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. எத்தனை மாதமாகச் சொல்கிறேன், அதைத் துவைத்துப் போடு என்று சத்தம் போட்டேன். அவள் பேச்சை மாற்றினாள்.

சனிக்கிழமை நாய் பாதித் தட்டோடு எழுந்துவிட்டது. ஞாயிறு முகர்ந்ததோடு சரி. திங்கள் தட்டுப் பக்கமே வரவில்லை. படுக்கையைச் சுற்றிச் சுற்றி வந்து மூக்கால் தேடும், பிறகு மூலையில் போய் நிற்கும். டாக்டர் வந்து ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு நோய் ஒன்றும் இல்லை என்றார். புதன்கிழமையும் சாப்பிடாவிட்டால் டிரிப் ஏற்றலாம் என்றார். கோழியை அவித்துக் கையால் ஊட்டிப் பார்த்தேன். அது என் கையை மரியாதைக்கு ஒருமுறை நக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டது. விலா எலும்பு தெரிய ஆரம்பித்திருந்தது.

மேடம் ஆறு பக்கம் எழுதிக் கொடுத்துப் போயிருந்தார். சூப்பர்வைசர் அதில் சாப்பாட்டு அளவையும் நடக்கும் நேரத்தையும் மட்டும்தான் எங்களுக்குச் சொல்லியிருந்தார். செவ்வாய் மதியம் அந்தத் தாள்களை வாங்கி, போனில் படம் பிடித்துத் தமிழில் மாற்றிப் படித்தேன். முதல் இரண்டு பக்கம் வரலாறு. சுவிஸ் எல்லைப் பக்கத்து இனமாம், பிரபுக்கள் முயல் வேட்டைக்குக் கூட்டமாக வளர்த்தார்களாம், பிரெஞ்சுப் புரட்சியில் பிரபுக்களோடு நாய்களும் போயினவாம், எல்லைக்கு அந்தப் பக்கம் பிழைத்திருந்ததை வைத்து மறுபடி பெருக்கினார்களாம். நாய் செத்துக்கொண்டிருக்கும்போது எனக்கு எதற்கு இந்தப் புரட்சி என்று எரிச்சல் வந்தது. பிறகு காது துடைக்கும் முறை, வெள்ளைத் தோலில் வெயில் படாமல் காப்பது. ஐந்தாம் பக்கத்தில் இருந்தது: இது மூக்கால் வாழும் நாய், கூட்டத்திலேயே வளர்ந்த இனம், தனிமை தாங்காது. என் வாடை இருக்கும் வரை நான் பக்கத்தில் இருப்பதாக நினைக்கும். என் சட்டையைத் துவைக்க வேண்டாம்.

மறைத்துவிடலாமா என்றும் நினைத்தேன், பொய் எதற்கு. ஆனால் அந்த மூலையில் அது நின்ற நிலையைப் பார்த்துவிட்டு சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டே மேடத்துக்குப் போன் போட்டார். மேடம், தன் வீட்டு அழுக்குக் கூடையில் தலையணை உறை கிடக்கிறது, வாட்ச்மேனிடம் சாவி வாங்கி எடுத்துப் போங்கள் என்றார். என்னைத் திட்டவில்லை. அது இன்னும் சுட்டது.

உறையைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கி முடிந்து, வேனில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஏசிக் காற்றில் வாடை போய்விடுமோ என்று வழி நெடுக முடிச்சைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். கூண்டில் விரித்ததும் நாய் அதில் மூக்கைப் புதைத்தது. ரொம்ப நேரம் எடுக்கவே இல்லை. பிறகு நீளமாக ஒரு மூச்சு விட்டு அதன் மேலேயே சாய்ந்து படுத்தது. அரை மணி கழித்து எழுந்து வந்து தட்டைக் காலி பண்ணியது. நான் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து அழுதேன்.

அப்போதுதான் கதவுக்குப் பின்னால் இருந்த ஆணி ஞாபகம் வந்தது. உடனே வீட்டுக்குப் போன் பண்ணி, அந்தச் சட்டையைத் துவைக்காதே என்றேன்.

"நீங்கதான சத்தம் போட்டீங்க. சனிக்கிழமையே தொவச்சு மடிச்சு வச்சுட்டேன்" என்றாள். "புள்ள அதப் புடிச்சுக்கிட்டுத்தான் தூங்கும். நாலு நாளா கேட்டு அழுவுது" என்றாள்.

அடுத்த வாரம் ரூம் அண்ணன் லீவில் ஊருக்குக் கிளம்பினார். பால் பவுடர், பாதாம், தைலம் என்று ஆளாளுக்குக் கொடுத்ததைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். நான் மூன்று நாள் டூட்டிக்குப் போட்ட சட்டையைக் கவரில் கட்டி நீட்டினேன். அவர் முடிச்சை அவிழ்க்கப் போனார், நான் கையைப் பிடித்துக்கொண்டேன். மூக்கைச் சுளித்தார்.

அவர் தங்கமான மனுஷன், யாருடைய துணி அழுக்காகக் கிடந்தாலும் பொறுக்க மாட்டார். அதுதான் பயமாக இருந்தது. ஏர்போர்ட் வண்டி வரும்வரை பின்னாலேயே நின்று, ஏறும்போது மறுபடியும் சொன்னேன்.

"தொவச்சு மட்டும் குடுத்துறாதீங்கண்ணே."