அத்தை பார்க்காத படம்

என் அத்தையை அதற்குள் மூன்று பேர் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். அவளுக்கு இடது கால் லேசாக இழுக்கும். நடப்பதைப் பார்த்ததும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அது தெரு முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் நாலாவது இடத்தாரை வீட்டுக்கு வரவேண்டாம் என்றார் அப்பா. கோவிலில் பார்க்கலாமென்றால் எந்தக் கோவிலிலும் சொந்தக்காரர் ஒருவர் நிற்பார். கடைசியில் செங்கல்பட்டிலிருந்த ஒரு பழைய மாதா கோவில்தான் தோதுப்பட்டது.

எட்டு வயதுப் பெண்ணான என்னிடம், "சர்ச்சு பாக்கப் போறோம்" என்று மட்டும் சொல்லி மதுராந்தகத்தில் பஸ் ஏற்றினார்கள். நம்பினேன்.

பார்க்கவேண்டிய இடம்தான். ஐரோப்பாவின் மறுமலர்ச்சிக் காலப் பாணியில் கட்டியது என்று வெகுகாலம் கழித்து வாசல் பலகையில் படித்தேன். அன்று கண்டதெல்லாம் அரைவட்ட வளைவுகளும் கட்டிப்பிடிக்க முடியாத தூண்களும்தான். பீடத்துக்குப் பின்னால் சுவர் உயரத்துக்கு ஒரு ஓவியம். ஓடிப்போய் அதன் அடியில் அண்ணாந்து நின்றுவிட்டு வந்தேன்.

சற்று நேரத்தில் ஒரு அம்மாவும் அவர் மகனும் வந்தார்கள். தற்செயலாகச் சந்தித்ததுபோல் அப்பா கும்பிட்டார். மகன் தூணையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா அத்தையிடம் அன்பாகச் சொன்னார்.

"அந்தக் கோடியில படம் கீது பாரு, போய்ப் பாத்துட்டு வாம்மா."

பெஞ்சுகளுக்கு நடுவே நீண்ட வழி. அத்தை பட்டுப்புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு, இழுப்பு தெரியாதபடி ஒவ்வோர் அடியாக வைத்துப் போனாள். கண் தரையைவிட்டு எழவில்லை. படத்தடிக்குப் போனவள் நிமிராமலே திரும்பி வந்தாள்.

"இன்னொரு தபா போய்ட்டு வாயேன்" என்றார் அந்த அம்மா.

அத்தை படத்தைப் பார்க்காததைக் கவனித்து மறுபடி அனுப்புகிறாரே, எவ்வளவு நல்லவர் என்று நினைத்தேன். அத்தை இரண்டாவது முறையும் நிமிரவில்லை.

"சரி, சொல்லி அனுப்பறோம்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். மகன் பின்னாலேயே போனார். அப்பா வாசலில் செருப்பைத் தேடுவதுபோல வெகுநேரம் குனிந்திருந்தார்.

திரும்பும்போது பஸ் படாளம் தாண்டியதும் அத்தை என் பக்கம் குனிந்து கேட்டாள்.

"அந்தப் படத்துல இன்னாடி இருந்துச்சு?"

"ரெண்டு தபா போனியே, நீ பாக்கல?"

"நீதான் சொல்லேன்."

"ஒரு பொண்ணு உக்காந்துகினு கீது. ரெக்கை வெச்ச ஒருத்தரு, கையில பூவோட, அதுக்கு முன்னாடி முட்டி போட்டுகினு கீறாரு."

"முட்டி போட்டுகினா?"

"ஆமா."

அத்தை சிரித்தாள். முன் சீட்டிலிருந்த அப்பா திரும்பிப் பார்த்தார். மறுபடி சொல்லச் சொன்னாள், சொன்னேன். மதுராந்தகம் வருவதற்குள் மூன்று முறை சொல்லவைத்தாள். இவ்வளவு ஆசை இருப்பவள் அங்கேயே ஒரு தரம் தலையைத் தூக்கிப் பார்த்திருக்கலாமே என்று எனக்கு அவள்மேல் கோபம்தான் வந்தது.