செவந்தியின் வெந்நீர்

இல்லை, அவளுக்கு நெருப்பை எறியத் தெரியாது. வெந்நீர் வைக்கத் தெரியும். அவ்வளவுதான்.

செவந்தி, ஓர் ஆட்டத்துக்காக நான் உருவாக்கிய ஆள்.

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேடம் எடுத்து, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம். ஞாயிறு மதியம், பிரிக்பீல்ட்ஸில், ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் மாடியில். (கதையில் ராஜ விருந்து நடந்தாலும் கீழேயிருந்து ரசம்தான் மணக்கும்.)

கதையை நடத்துபவன் பிரகாஷ். ஜீவா வாள்வீரன். மீரா திருடி. மூவரும் என்னோடு யுனிவர்சிட்டியில் படித்தவர்கள்.

விதிப் புத்தகத்தில் டிராகனைப் பொசுக்கும் மந்திரங்களுக்குப் பக்கம் பக்கமாக இடம். சின்ன மந்திரங்களுக்கு அரைப் பக்கம்.

அந்த அரைப் பக்கத்திலிருந்து நான் செவந்தியைச் செய்தேன்.

துறைமுக ஊர் ஒன்றின் பொதுக் குளியல்கூடத்தில் அவளுக்கு வேலை. தண்ணீரில் விரலை வைத்தால் இதமாகச் சூடேறும். விரலை எடுக்கும்வரை ஆறாது. ஈரத்துணியை உதறினால் காய்ந்துவிடும். கட்டிலுக்கடியில் உருண்டுபோன தோட்டைத் தேட, விரல் நுனியில் கொஞ்சம் வெளிச்சம் வரும்.

"டிராகன் வந்தா என்ன செய்வே? குளிப்பாட்டி விடுவியா?" என்றான் ஜீவா.

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

ஆனால் போகப் போக, சண்டை முடிந்து அவர்கள் திரும்பி வருகிற இடம் அந்தக் குளியல்கூடமாகிவிட்டது. ஜீவா தன் வாள்வீரன் குரலிலேயே வந்து, "செவந்திக்கா, முதுகுல அடி. கொஞ்சம் சூடா ஊத்துங்க" என்பான். அந்த ஊர் மீன்காரருக்கு ஒரு குளிர் மந்திரம் கொடுத்தாள் மீரா. அவர் கடையில் ஐஸ் வாங்குவதே இல்லை. யாரும் எங்கேயும் போகாமல், ஒரு முழு மதியம் அந்த ஊரிலேயே கழிந்ததும் உண்டு.

பிறகு சில ஞாயிறுகள் என்னால் போக முடியவில்லை.

குழுவில் 'வேலை லா, சாரி' என்று மட்டும் போட்டேன்.

கிள்ளானை அடுத்த மேருவில் எங்கள் வீட்டுக் குளியலறையில் அப்பா வழுக்கி விழுந்திருந்தார். இடுப்பு எலும்பு. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தாயிற்று. எழுந்து நடக்க இன்னும் நாளாகும். அம்மாவுக்குத் தொழிற்சாலையில் காலை ஷிப்ட். ஆகவே உடம்பு துடைத்துவிடுவது நான்.

அப்பா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான் துண்டை நனைத்துப் பிழிவேன்.

கை, மார்பு, கால் முடித்து, அவரை மெல்லப் புரட்டி முதுகுக்கு வருவதற்குள் பிளாஸ்டிக் பேசினில் கொண்டுவந்த வெந்நீர் ஆறிவிடும். அடுப்படிக்குப் போய் வர முடியாது. அவர் ஒருக்களித்தபடி, என் கையின் தாங்கலில் இருப்பார்.

"சூடாத்தான்மா இருக்கு" என்பார்.

தோல் சிலிர்த்திருக்கும்.

அந்த நேரங்களில் நான் செவந்தியை நினைத்துக்கொள்வேன். பேசினில் ஒரு விரல். அவ்வளவு போதும்.

போன ஞாயிறு சித்தி வந்து அப்பாவோடு இருந்துகொண்டார். நான் புறநகர் கம்யூட்டர் ரயிலைப் பிடித்து ஆட்டத்துக்குப் போனேன்.

மேசையில் ஒரு கேக் இருந்தது. மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. வராதவரின் வேடத்தை வந்தவர்களில் ஒருவர் ஆடலாம். ஆட்டம் நின்றுபோகக் கூடாது என்று நாங்களே வைத்துக்கொண்டது. என் ஓட்டும் அதற்கு விழுந்திருக்கிறது.

செவந்தியை ஜீவா ஆடியிருக்கிறான். விளக்குப் பிடிக்க ஆள் வேண்டுமென்று குகைக்குக் கூட்டிப்போயிருக்கிறான். டிராகன் வழியை மறித்திருக்கிறது. குகைக்குள் எண்ணெய்ப் பீப்பாய்கள். வெந்நீர் மந்திரத்தை எண்ணெயில் போட்டால் என்னவென்று கேட்டிருக்கிறான். முடியாதுதான், ஆனால் இருபது முகப் பகடையில் இருபதே விழுந்தால் விடுகிறேன் என்று பிரகாஷ் சொல்லியிருக்கிறான்.

இருபது விழுந்திருக்கிறது.

எண்ணெய் பற்றிக்கொண்டு வெடிக்க, டிராகன் செத்தது. செவந்தியும்.

"நீ இருந்திருந்தா அழுதிருப்பே லா" என்றான் ஜீவா. "சத்தியமா. மீரா அழுதுட்டா. வெந்நீர் வைக்கிற பொம்பள, கடைசில ஊரையே காப்பாத்திட்டா. உனக்காகத்தான் செஞ்சேன்."

ஊர் நடுவில் அவளுக்குச் சிலை வைத்திருக்கிறார்களாம். கையில் தீப்பந்தத்தோடு.

அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். என்னிடம் இருந்த ஒரு சாதாரண ஆளை எடுத்து, பெரிய ஆளாக்கித் திருப்பிக் கொடுத்திருக்கிறான். கேக்கில் அவள் பெயர்கூட எழுதியிருந்தது.

நான் கேக் சாப்பிட்டேன்.

என் முகத்தைப் பார்த்து பிரகாஷ் புரிந்துகொண்டிருக்க வேண்டும். உயிர்ப்பிக்கும் மந்திரம் இருக்கிறது, இல்லாவிட்டால் அந்த ஞாயிறே நடக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம் என்றான்.

வேண்டாம் என்றேன். பகடை விழுந்தது விழுந்ததுதான். அதை மாற்றினால் எங்கள் ஆட்டத்தில் எதற்கும் அர்த்தமில்லை.

ஒன்று மட்டும் கேட்டேன். "இன்னிக்குக் காலையில அந்தக் கூடத்துல யாரு தண்ணி சூடு பண்ணாங்க?"

பிரகாஷ் புத்தகத்தைப் புரட்டினான். பிறகு மூடினான்.

"அத யோசிக்கல லா."

ஜீவா, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். உன்மேல் கோபமில்லை. 'வேலை' என்று போட்டது நான். அப்பா விழுந்துவிட்டார் என்று போட்டிருந்தால் நீ அவளைக் குகைக்குக் கூட்டிப்போயிருக்க மாட்டாய். வீட்டுக்கே வந்திருப்பாய், ஆரஞ்சுப் பழமும் கையுமாக.

ஏன் சொல்லவில்லை என்று எனக்கும் சரியாகத் தெரியவில்லை. ஒரு மதியமாவது, வெந்நீர் என்றால் மந்திரம் மட்டுமாக இருக்கட்டும் என்று நினைத்தேனோ என்னவோ.

ஆட்டம் முடியும்வரை இருந்தேன். புது ஆள் யாரையும் உருவாக்கவில்லை.

கீழே இறங்கி, பக்கத்துப் பாத்திரக் கடையில் ஒரு பெரிய ஃபிளாஸ்க் வாங்கினேன். கட்டிலுக்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் நிற்கிற உயரம்.

அதை மடியில் வைத்துக்கொண்டு கிள்ளான் ரயிலில் உட்கார்ந்தேன்.