நாக்குக்காரர் சுவைத்த தீவனம்

அக்கா மகளுக்கு வரன் பார்த்தபோதுதான் 'நாக்குக்காரர்' என்ற பேர் முதலில் என் காதில் விழுந்தது. பெரிய வாயாடி போலிருக்கிறதே என்று பயந்தேன். அக்கா சிரித்தாள். "பன்றித் தீவன ஆலையில வேலைடி. கலவையை நாக்குல வச்சே பக்குவம் சொல்லிடுவாராம்."

உண்மைதான். பால் மறக்கடித்த குட்டிக்கு வயிறு பூ மாதிரி. சோயாவை நன்றாக வறுத்து அரைத்துக் கலந்தால்தான் தாங்கும்; பச்சை வாடை இருந்தால் கழிச்சல்தான். மாப்பிள்ளை ஒரு சிட்டிகை வாயில் போட்டு "கட்டு" என்பார், மூட்டை கட்டுவார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அக்காவும் தன் பன்றிக் கொட்டகைக் குட்டிகளுக்கு வேறு தீவனம் வாங்கியதில்லை.

ஒருமுறை அவருக்குச் சளி. நாக்கு செத்துக் கிடந்தது. உப்பும் சர்க்கரையும் ஒன்றுதான். பக்கத்து ஆளிடம் "நீ பாரு" என்று சொல்லியிருக்கலாம். நாக்குக்காரர் என்று பேர் எடுத்துவிட்டு எப்படிச் சொல்வது? "கட்டு" என்றுவிட்டார்.

அந்த மூட்டை அக்கா வீட்டுக்கே வந்தது. குட்டிகள் கழிய ஆரம்பித்தன. ஆள் அனுப்பி அவரை வரவழைத்தோம். பார்த்ததுமே அவருக்குப் பொறி தட்டியிருக்கும். நரம்பில்லாத நாக்குதானே, "தண்ணித் தொட்டி சரியில்ல அத்தை" என்றது.

அக்கா முட்டிவலியோடு தொட்டிக்குள் உட்கார்ந்து தேய்த்தாள். தண்ணீரைக் காய்ச்சி ஆற்றி ஊற்றினாள். அதே தீவனத்தையும் போட்டாள்.

பக்கத்து வீட்டுக்காரி வேலியோரம் வந்து, "எதுக்கும் தீவனத்தைப் பாருடி" என்றாள்.

"என் மாப்பிள்ளை நாக்கு பொய் சொல்லாது. உன் வீட்டுக்காரர் நாக்குன்னு நினைச்சியா?"

மாப்பிள்ளை அங்கேதான் செத்த குட்டியைச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தார். சாக்கைக் கீழே வைத்தார்.

"தண்ணி இல்ல அத்தை. சோயா வறுபடல போல. சளியில எனக்கு ருசியே தெரியல. தெரியாமத்தான் கட்டச் சொன்னேன்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்பாள் என்று நினைத்தேன். அக்கா ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, தீவனத்தில் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டாள். துப்பினாள்.

"பச்சையா இருக்கு மாப்பிள்ளை. என் நாக்குக்கே தெரியுது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அவ்வளவுதான் கேட்டாள். பக்கத்து வீட்டுக்காரி உள்ளே போய்விட்டாள். மாப்பிள்ளை சாக்கைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

இப்போது அதே ஆலையில், சோயா வறுக்கிற இடத்தில் நெருப்புப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ருசி பார்ப்பது வேறொருவர். அக்கா மகள் மட்டும் தாய்வீட்டுக்கு வந்து போகிறாள்.