சாப்பிடாதவர் பொறுக்கிய அரிசி

இன்று டென்மார்க்கின் இஷொய் நகரில் இருக்கும் என் பலசரக்குக் கடைக்கு ஒரு யூதத் தம்பதி வந்தார்கள். மனைவி பெரிய பாஸ்மதிப் பையைத் தூக்க, கணவர் தடுத்தார்.

"பாஸ்காப் பண்டிகைக்கு எங்கட வீட்டில சோறு சமைக்கிறேல்லை." கணவரின் குடும்பம் டென்மார்க்கில் பல தலைமுறை; அவர்கள் வழக்கத்தில் பாஸ்காவுக்கு அரிசியும் விலக்காம்.

"எங்கட வீட்டில சோறில்லாமப் பாஸ்காவே இல்லை." மனைவியின் குடும்பம் ஈராக்கிலிருந்து வந்தது.

வியாபாரம் போச்சு என்று நினைத்தேன்.

"சரி, நீ சாப்பிடு. நான் பொறுக்கித் தாறன்" என்றார் கணவர். பாஸ்காவில் கோதுமை எல்லாருக்குமே விலக்காம்; அதனால் அரிசியில் ஒரு கோதுமை மணிகூட இருக்கக்கூடாதாம், மூன்று தரம் பார்க்க வேண்டுமாம். காசு கொடுத்த கையோடு என் மேசையிலேயே கொட்டிப் பொறுக்கத் தொடங்கிவிட்டார்.

கல்லாவில் இருந்த என் மனைவி விடுவாளா?

"பாத்தியளே, சாப்பிடாத மனுசன் அரிசி பொறுக்குறார். நீங்கள் மூண்டு நேரமும் சாப்பிட்டுப்போட்டுக் கோப்பைகூடக் கழுவிறேல்லை!"

அடுத்த பாஸ்காவுக்குக் கடையைப் பூட்டலாமா என்று யோசிக்கிறேன். ஆண்கள் மட்டும் பதில் சொல்லவும்.