அம்மாவின் வயிற்றுவலியும் என் அகராதியும்

எங்கள் பள்ளிக்கூடத்தில் காலைப் பிரேயரில் மைக் முன்னால் நின்று 'ஹேப்பி' என்று ஒருத்தி சொல்லிவிட்டால், அன்று முழுக்க அவளுக்கு அதுதான் பெயர். ராஜபாளையத்தில் சாதாரணமான பெண்கள் பள்ளிக்கூடம் அது, தமிழ் மீடியம். எண்பதுகளின் நடுவில் அங்கே வந்த இங்கிலீஷ் டீச்சர் ஒரு வழக்கத்தை ஆரம்பித்து வைத்தார். தினமும் பிரேயர் பாட்டு முடிந்ததும் ஒரு பெண் வந்து ஒரு புது இங்கிலீஷ் சொல்லையும், அதன் அர்த்தத்தையும், அதை வைத்து ஒரு வாக்கியத்தையும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் நாலு சொல் சேர்த்துக்கொள்ளட்டும் என்பது அவர் எண்ணம். நாங்கள் அதை நீளம் தாண்டுகிற போட்டியாக மாற்றிவிட்டோம். குட்டையான சொல்லோடு வந்தவள் மானம் போய்த்தான் வரிசைக்குத் திரும்புவாள்.

அந்தப் போட்டியில் என்னை ஜெயிக்க ஆள் இல்லை. அப்பா மில்லில் ஷிப்டு வேலை பார்த்தார். முந்தின வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேருக்குப் போனபோது, நடைபாதைக் கடையில் அட்டை இல்லாத ஒரு டிக்‌ஷனரியை எனக்கு வாங்கிக் கொடுத்திருந்தார். அதில் நான் அர்த்தம் பார்த்துச் சொல் எடுக்கவில்லை. சந்தையில் முருங்கைக்காய் பொறுக்குகிற மாதிரி நீளம் பார்த்துத்தான் எடுத்தேன். வாய் நிறைகிற மாதிரி இருக்க வேண்டும், எதிரே நிற்கிறவளுக்குப் புரியக் கூடாது. இரண்டும் சேர்ந்திருந்தால் அது நல்ல சொல்.

வீட்டிலும் விடவில்லை. குழாயில் தண்ணீர் வராவிட்டால் 'ஸ்கார்சிட்டி' என்பேன். பக்கத்து வீட்டு வெள்ளை நாயை 'ஃபெரோஷியஸ்' என்று எல்லோரிடமும் சொல்லி வைத்தேன். கடித்துக் குதறக்கூடியது என்று அர்த்தம்; அந்த நாயோ எங்கள் வாசலிலேயே படுத்துத் தூங்கும். ஒருநாள் சாம்பாரை வாயில் வைத்துவிட்டு, பிரமாதமான ருசி என்பதற்கு 'டெலக்டபிள்' என்றேன். அம்மா கரண்டியோடு நின்று என்னைப் பார்த்தாள்.

"உப்பு போதுமா போதாதா, அத மட்டும் சொல்லு தாயி."

அதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. சாம்பாரில் உப்பே போடவில்லை என்பது அப்பா சாப்பிட உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. அம்மாவுக்கு என்னைப் பற்றிப் பெருமை இல்லாமல் இல்லை. "எம்மக இங்கிலீசுல பொளந்து கட்டுவா" என்று தெருவில் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். அந்தப் பெருமைதான் அவளை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தது. இன்றைக்கும் வீட்டுக்கு யாராவது விருந்தாளி வந்தால் இந்தக் கதையைச் சொல்லி என்னை ஒருவழி பண்ணிவிடுவாள். அவள் சொன்னால் இன்னும் மோசமாக இருக்கும், அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த புதிது. வத்திராயிருப்பிலிருந்து மாமா ஒரு சாக்கு நிறைய மாம்பழம் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார். அம்மாவுக்கு மாம்பழம் என்றால் உயிர். மூன்றாம் நாள் காலையில் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஆம்பிளை டாக்டரிடம் வயிற்றைக் காட்ட மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் புதிதாக லேடி டாக்டர் வந்திருப்பதாகச் சொன்னார்கள். அப்பா காலை ஷிப்டுக்குப் போயிருந்தார். நான் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

டாக்டரம்மா வடக்கே எங்கிருந்தோ வந்தவர், சின்ன வயது. தமிழில் 'உக்காருங்க' மட்டும் தெரியும். எப்போதும் கூடவே ஒரு நர்ஸம்மா நின்று நோயாளி சொல்வதை இங்கிலீஷில் எடுத்துச் சொல்வார்களாம். நாங்கள் போன நேரம் அந்த நர்ஸம்மா பிரசவ வார்டுக்குப் போயிருந்தார். கொஞ்சம் பொறுங்கள் என்று டாக்டரம்மா கையைக் காட்டினார். பொறுத்திருக்கலாம். பெஞ்சு காலியாகத்தான் இருந்தது, ஃபேனும் ஓடியது. ஆனால் நான் ஒரு அடி முன்னால் போய், "ஐ வில் டிரான்ஸ்லேட், டாக்டர்" என்றேன். அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் வயிற்றுவலியே தெரியவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

என்ன செய்கிறது என்று டாக்டரம்மா கேட்டார். நான் அம்மாவிடம் கேட்டேன்.

"நேத்து சாயங்காலத்துலருந்து அடிவயித்துல ஒரு இழுவ" என்றாள் அம்மா. "வலின்னும் சொல்ல முடியாது. குத்தலும் இல்ல, கடுப்பும் இல்ல. வந்து வந்து போவுது. குப்புறப் படுத்தா செத்த நேரம் நல்லாருக்கு."

இத்தனையும் கேட்டுக்கொண்டு நான் டாக்டரம்மாவிடம் சொன்னது இரண்டே விஷயம். "எக்ஸ்க்ரூஷியேட்டிங் பெயின், டாக்டர். இன்செசன்ட்." முதல் சொல்லுக்கு உயிர் போகிற வலி என்று அர்த்தம். இரண்டாவதற்கு நிற்காமல், விடாமல் என்று அர்த்தம்.

பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. இழுவைக்கும் குத்தலுக்கும் கடுப்புக்கும் என் டிக்‌ஷனரியில் நான் எதையும் பார்த்து வைத்திருக்கவில்லை. வலி என்ற இனத்தில் என்னிடம் இருந்ததே அந்த ஒரு சொல்தான், முந்தின வாரம் பிரேயரில் கைதட்டல் வாங்கிய சொல். வந்து வந்து போகிறது என்பதை 'கம் அண்ட் கோ' என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் ஒரு டாக்டர் முன்னால் நின்றுகொண்டு ஆறாம் வகுப்புப் பிள்ளை மாதிரி 'கம் அண்ட் கோ' என்று யாராவது சொல்வார்களா?

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். அம்மாவைப் படுக்க வைத்து வயிற்றில் கையை வைத்து அழுத்தினார். அம்மா நெளிந்து அவர் கையைத் தள்ளினாள். வலிக்கிறதா என்று டாக்டரம்மா என்னிடம் கேட்டார்.

"ஐயோ, கூசுதுடி. கைய எடுக்கச் சொல்லு" என்றாள் அம்மா. அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, முகமெல்லாம் கோணிக்கொண்டது.

கூசுவதற்கும் என்னிடம் சொல் இல்லை. "அன்பேரபிள்" என்றேன். தாங்க முடியவில்லையாம்.

கடைசியாக என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டார். "ராத்திரி கஞ்சி குடிச்சேன். மாம்பழம் கொஞ்சம் கூடத்தான் போயிருச்சு" என்று அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். என் அம்மா முக்கால் சாக்கு மாம்பழத்தைத் தின்றுவிட்டாள் என்று படித்த பெண்ணிடம் எப்படிச் சொல்வது? "ஃப்ரூகல் மீல்" என்றேன். சிக்கனமான சாப்பாடு. அதுவும் பிரேயரில் வந்த சொல்தான்.

அதற்கப்புறம் எல்லாமே வேகமாக நடந்தது. ரத்தம் எடுத்தார்கள். அம்மாவைக் கட்டிலில் படுக்க வைத்துக் கையில் ஊசியைக் குத்தி பாட்டிலை மாட்டினார்கள். தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்றார்கள். குடல்வால் வீங்கியிருக்கலாம், சாயங்காலம் பெரிய டாக்டர் வந்ததும் ஆபரேஷன், அப்பா வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார் டாக்டரம்மா. ஆபரேஷன் என்ற சொல்லை யாரும் அம்மாவுக்கு மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை.

"ஏட்டி, என்னத்தச் சொன்ன அந்தம்மாகிட்ட?"

"நீ சொன்னதத்தாம்மா சொன்னேன்."

"நான் சொன்னதுக்கா வயித்த அறுக்கப் போறாக?" அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். "இல்ல, நீ இங்கிலீசுல சொன்னதும் அந்தம்மா மூஞ்சி மாறிப்போச்சு. நான் பாத்தேன். எனக்கு என்னமோ பெருசாத்தான் வந்திருக்கு. நீங்க ரெண்டு பேரும் சேந்து எங்கிட்ட மறைக்கிய."

வளையல், மூக்குத்தி எல்லாவற்றையும் கழற்றச் சொல்லிவிட்டுப் போனாள் ஆயா. அம்மா மூக்குத்தியைக் கழற்றி அதுவரை நான் பார்த்ததே இல்லை. திருகு வர மாட்டேன் என்றது. கழற்றி என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டாள்.

"எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா இத நீ போட்டுக்க. உங்கப்பாவுக்குக் கொழம்புல புளி கம்மியா ஊத்து, அவருக்கு ஆகாது."

அவளுக்கு ஒன்றும் இல்லை என்பது அந்த ஆஸ்பத்திரியிலேயே எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் வயிற்றில் இருந்தது மாம்பழம். அதை அறுக்கக் கத்தி வருவது என் வாயால். எழுந்து டாக்டரம்மா அறைக்கு ஓடினேன்.

உள்ளே போனதும் சேர்த்து வைத்த சொல்லெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. பள்ளிக்கூடமே வாயைப் பிளந்து கேட்கும்படி பேசிய நான், "டாக்டர்... ஸ்மால் பெயின்" என்றேன்.

"வாட்?"

"கம். கோ. கம். கோ." கையை முன்னாலும் பின்னாலும் ஆட்டிக் காட்டினேன். கூச்சத்தை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், என் இடுப்பில் நானே விரலால் குத்திக்கொண்டு ஹிஹி என்று சிரித்துக் காட்டினேன். அழுதுகொண்டே சிரித்ததால் அது பார்க்க எப்படி இருந்திருக்குமோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். பிறகு, "மேங்கோ, டாக்டர். மெனி மேங்கோ" என்று இரண்டு கையையும் அகல விரித்தேன்.

டாக்டரம்மா நாற்காலியை விட்டு எழுந்தார். அப்படியானால் எக்ஸ்க்ரூஷியேட்டிங் என்று ஏன் சொன்னாய் என்று கேட்டார்.

"இட் இஸ் எ குட் வேர்ட், டாக்டர்" என்றேன். அதுதான் உண்மை, வேறு காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

அவர் திட்டியது முழுக்கப் புரிந்தது. எல்லாம் சின்னச் சின்னச் சொற்கள். திட்டிவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு அம்மாவிடம் வந்தார். பிரசவ வார்டிலிருந்து நர்ஸம்மாவை வரவழைத்து முதலிலிருந்து எல்லாவற்றையும் கேட்டார். ரத்தத்திலும் ஒன்றும் இல்லை. பாட்டிலைக் கழற்றிவிட்டு, குடிக்க ஒரு மருந்தைக் கொடுத்தார்கள். அம்மா கக்கூசுக்கும் கட்டிலுக்குமாக நடந்து நடந்து, மத்தியானத்துக்குள் வயிறு லேசாகி, பசிக்குது என்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து சேதி போய் அழுக்கு வேட்டியோடு மில்லிலிருந்து ஓடிவந்த அப்பா, அவள் இட்லி தின்பதைப் பார்த்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பஸ்ஸில் வரும்போது அம்மா மூக்குத்தியைத் திருகிக்கொண்டே கேட்டாள். "மொதல்ல என்னமோ ஒரு வார்த்த சொன்னியே, என்ன அது?"

சொன்னேன். இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தாள். 'எஸ்குருசேட்டிங்' வரைக்கும்தான் அவளுக்கு வந்தது.

"அம்புட்டு நீளமா இருந்தா அறுக்கத்தாம்ல செய்வாக" என்றாள் அப்பாவைப் பார்த்து. அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

அதிலிருந்து அது எங்கள் வீட்டுச் சொல்லாகிவிட்டது. தலைவலி என்று நான் படுத்தால், "எஸ்குருசேட்டிங்கா, இல்ல சும்மாவா?" என்பாள் அம்மா. நான் என்ன செய்ய, வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆனால் டிக்‌ஷனரியை மூடி வைக்கவில்லை. வலிக்கு என்னென்ன சொல் இருக்கிறது என்று முதல் முறையாக அர்த்தம் பார்த்துத் தேடினேன். விண்விண் என்று தெறிப்பதற்கு ஒன்று, சுருக்கென்று தைப்பதற்கு ஒன்று, பிடித்து இழுப்பதற்கு ஒன்று என்று கிடந்தன. எல்லாமே குட்டைச் சொற்கள். ஒவ்வொன்றுக்கும் அம்மாவிடம் ஏற்கெனவே ஒன்று இருந்தது. அடுத்த தடவை பிரேயரில் என் முறை வந்தபோது மைக் முன்னால் போய் 'ஏக்' என்றேன். லேசான, விடாத வலி. பள்ளிக்கூடமே சிரித்தது. அன்று முழுக்க எனக்கு அதுதான் பெயர்.

தொண்ணூறுகளில் எனக்குக் கல்யாணமாகி ஸ்ரீவில்லிபுத்தூருக்கே வந்துவிட்டேன். ஒருநாள் காலையில் அப்பா ஒரு காரில் அம்மாவைக் கொண்டுவந்து அதே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு எனக்கு ஆள் அனுப்பினார். இந்தத் தடவை டாக்டர் நம் பக்கத்துக்காரர், ஆம்பிளை. அம்மா பிடிவாதம் எதுவும் பிடிக்கவில்லை. நான் ஓடிப்போய்க் கட்டில் பக்கத்தில் நின்றேன்.

"எப்படிம்மா வலிக்குது?" என்று டாக்டர் நல்ல தமிழில் கேட்டார்.

"லேசா வலிக்கி, சார்."

"விட்டு விட்டு வலிக்குதா?"

"லேசாத்தான், சார்."

அவ்வளவுதான் சொன்னாள். இழுவை இல்லை, குத்தல் இல்லை, கடுப்பு இல்லை. முக்கால் சாக்கு மாம்பழத்துக்கு அத்தனை சொல் சொன்னவள், 'லேசா' என்ற ஒன்றோடு நிறுத்திக்கொண்டாள். ஆஸ்பத்திரிச் செலவை நினைத்தாளா, அப்பா பயந்துவிடுவார் என்று நினைத்தாளா, தெரியவில்லை. கட்டில் கம்பியை அவள் பிடித்திருந்த பிடியில் விரல் நுனியெல்லாம் வெளுத்துப்போயிருந்தது. டாக்டர் எதையோ எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குத் திரும்பினார்.

"டாக்டர், அம்மா சொல்றத நம்பாதீங்க" என்றேன். "எக்ஸ்க்ரூஷியேட்டிங்."

அவர் நின்றார். திரும்பி வந்து வயிற்றில் கை வைத்தார். அம்மா கூசுது என்று சொல்லவில்லை. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு கண்ணை மூடினாள். பல வருஷத்துக்கு முன்னால் நான் அநியாயமாகப் பழி போட்ட அதே குடல்வால்தான், வெடிக்கிற மாதிரி வீங்கியிருந்தது. உடனே ஆபரேஷன் என்றார்கள்.

தள்ளுகட்டிலில் ஏற்றும்போது அம்மா மூக்குத்தியைக் கழற்றி என் கையில் வைத்தாள். முன்னே மாதிரி புளி, குழம்பு என்று எதுவும் சொல்லவில்லை. கட்டில் நகர்ந்தபோது நானும் கூடவே நடந்தேன்.

"அந்தப் பழைய வார்த்தையத்தான சொன்ன?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா."

கதவு வரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அங்கே வந்ததும் என் கையை விட்டுவிட்டு, "இன்னிக்கி அது சரிதான்டி" என்றாள்.