மூன்று முறை எழுதிய ‘முழு டோனர்’

எங்கள் பிரிவில் காலண்டர் தேதி செல்லாது. டோனர், அதாவது தானம் தருபவர், கொடுத்த ஸ்டெம்செல் நோயாளிக்கு ஏறும் நாள் பூஜ்யம். எல்லாக் கணக்கும் அங்கிருந்துதான். சுமதி என்ற நோயாளிக்கு லுகேமியா, அதாவது ரத்தப் புற்றுநோய், திரும்பிவிட்டது என்று தெரிந்தது 118ஆம் நாள், திங்கட்கிழமை. அதற்கான அறிகுறி 93ஆம் நாளே என் நோட்டில் இருந்தது.

ராயபுரத்தில் ஒரு மருத்துவமனை லேப்பில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்காக எழுதுகிறேன்.

1. டெஸ்ட்

சுமதிக்கு வண்ணாரப்பேட்டை ஜவுளிக்கடையில் வேலை. டோனர் அவளுடைய அண்ணன் பாபு, எண்ணூரில் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுபவன். நாங்கள் செய்வது கைமரிசம் டெஸ்ட். ரத்தத்தில் டோனரின் செல் எத்தனை சதவீதம், நோயாளியின் பழைய செல் எத்தனை என்று டி.என்.ஏ.வை வைத்துப் பார்ப்பது. பழையது தலைகாட்டி ஏறிக்கொண்டே போனால் நோய் திரும்பக்கூடும்.

ரிப்போர்ட் வாங்க பாபுதான் வருவான்.

“இன்னா சார், உள்ள நான் குந்திகினு கீறனா, தொரத்திட்டாளா?”

“முழுசா நீதாம்பா.”

“போச்சு. இனிமே அவளும் ஹாரன் அடிச்சிகினேதான் பேசுவா.”

2. படிவம்

அப்போது ரிப்போர்ட் படிவத்தில் எண்ணுக்கு இடமில்லை. டோனர் செல் 95 சதவீதத்துக்கு மேல் எதுவானாலும் ‘முழு டோனர்’. மெஷின் ஓரிரு சதவீதம் முன்பின் காட்டும் என்பதால் வந்த வழக்கம். எண்ணை நான் மேசை டிராயரில் வைத்திருந்த நோட்டில் குறித்துக்கொள்வேன்.

30ஆம் நாள் சுமதியின் ரத்தத்தில் பாபுவின் செல் 100 சதவீதம். 60ஆம் நாள் 98. 90ஆம் நாள் எடுத்ததன் முடிவு 93ஆம் நாள் வந்தது: 96.

தனித்தனியே பார்த்தால் மெஷின் பிழை. வரிசையாகப் பார்த்தால் சரிவு. நான் வரிசையாகத்தான் பார்த்தேன். டாக்டரை அழைக்க ரிசீவரை எடுத்தேன். முன்பொரு முறை இப்படிச் சொல்லப்போய், “ரெண்டு பெர்சன்டுக்கெல்லாம் வார்டைக் கலக்குறீங்களே” என்று லேப் தலைவர் எல்லோர் எதிரிலும் கடிந்துகொண்டது நினைவுக்கு வந்தது. ரிசீவரை வைத்துவிட்டு மூன்றாவது முறையும் ‘முழு டோனர்’ என்று எழுதினேன்.

3. திங்கட்கிழமை

நோய் திரும்பியது தெரிந்த அன்றே நோட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். அவர் மூன்று எண்களையும் பார்த்தார்.

“அன்னிக்கே சொல்லியிருந்தா எதிர்ப்பு சக்தியை அடக்குற மருந்தைக் குறைச்சிருப்பேன். அண்ணனோட செல்லை மறுபடி குடுத்துப் பார்த்திருப்பேன்.”

“நோய் திரும்பாம இருந்திருக்குமா மேடம்?”

“தெரியாது. பார்த்திருப்பேன்.”

பாபுவிடமும் நானே காட்டினேன். எண்களின் மேல் விரலை வைத்து மெல்லப் படித்தான்.

“அப்பவே எறங்கிகினு இருந்தனா சார்?”

“ஆமாம்பா.”

“ஒரு வார்த்த சொல்லிக்கக் கூடாதா? வண்டிய ரோட்லயே வுட்டுட்டு ஓடியாந்திருப்பனே.” சட்டைக் கையை மடித்தான். “எவ்ளோ வேணும்னாலும் எட்த்துக்க சார். நெறைய கீது.”

எடுத்தார்கள், கொடுத்தார்கள். அதற்குள் நோய் முந்திவிட்டது. 139ஆம் நாள் சுமதி இறந்தாள்.

இப்போது அந்தப் படிவத்தில் எண்ணும், முந்தைய எண்களும் வரிசையாக அச்சாகின்றன. எண் சரியாகப் போய்ச் சேர்ந்தும் பிறகு பலரை இழந்தோம். ஆகையால், சொல்லியிருந்தால் அவள் பிழைத்திருப்பாள் என்று நான் சொல்லமாட்டேன். பார்த்த எண்ணைப் பார்த்த அன்றே சொல்லிவிடுங்கள் என்பதைத்தான் சொல்ல முடியும். 93க்கும் 118க்கும் நடுவே இருபத்தைந்து நாட்கள். அவை சுமதியுடையவை; என் மேசை டிராயரில் கிடந்தன.